டிபி4, 3500 ஜிடி: ஒரே பட்டறை தைத்த இரண்டு சட்டைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பியப் பழங்கார்களைச் சேகரிப்போருக்காகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தமிழில் இப்பொருளைப் பற்றி எழுத முன்வருவோர் குறைவு. அந்த வகையில் கட்டுரையாளருக்கு என் நன்றி. ஆயினும், இங்கிலாந்தின் ஆஸ்டன் மார்ட்டின் டிபி4, டிபி5 ஆகிய இரண்டையும் நெடும்பயணக் கார்களின் உச்சம் என்று பக்கம் பக்கமாகப் புகழ்ந்தவர், அதே காலத்து இத்தாலிய மசெராட்டி 3500 ஜிடியை, ஆஸ்டன் வாங்க வசதி போதாதவர்களுக்கான ஆறுதல் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார். அந்த ஒரு வரிக்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மதுரையில் ஒரு டிங்கரிங் பட்டறையில் அம்பாசடர், ஃபியட் கார்களின் மட்கார்டுகளைத் தட்டி நிமிர்த்தித் தொழில் கற்றவன் நான். பிறகு இங்கிலாந்துக்கு வந்து, பக்கிங்ஹாம்ஷயரில் பழங்கார்களைச் சீரமைக்கும் பட்டறை ஒன்றில் 19 ஆண்டுகள் தகடு வேலை பார்த்து, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். இவ்விரண்டு கார்களையும் விலைக்கு வாங்கும் நிலையில் நான் ஒருநாளும் இருந்ததில்லை; ஆனால் இரண்டின் தோலையும் உரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கிறேன்.

முதலில் கட்டுரையாளர் சொல்லாமல் விட்ட ஓர் உண்மை. இவ்விரண்டு கார்களுக்கும் உடல் வடித்தது ஒரே பட்டறைதான். 1926-இல் மிலான் நகரில் தொடங்கப்பட்ட டூரிங் என்னும் உடல்கட்டு நிறுவனம், 1930-களில் ‘சூப்பர்லெஜெரா’ என்ற பெயரில் ஒரு கட்டுமுறையைக் கண்டு காப்புரிமையும் பெற்றது. இத்தாலிய மொழியில் அதற்கு ‘மிக இலேசானது’ என்று பொருள். பொய்க்கால் குதிரைக்கு மூங்கிலால் கூடு கட்டி மேலே துணி போர்த்துவார்களே, ஏறக்குறைய அதே வேலைதான்: மெல்லிய எஃகுக் குழாய்களை வளைத்துக் காரின் வடிவத்தில் ஒரு கூடு கட்டி, அதன்மேல் கையால் தட்டி உருவாக்கிய அலுமினியத் தகட்டைப் போர்த்தி, ஓரங்களை மடித்துவிடுவார்கள். மசெராட்டியின் உடல்கள் மிலானிலேயே செய்யப்பட்டு மொதேனா நகரத் தொழிற்சாலைக்குச் சென்றன. ஆஸ்டன் மார்ட்டினோ, வடிவத்தை டூரிங்கிடம் வாங்கி, உரிமக் கட்டணம் செலுத்தி, இங்கிலாந்தின் நியூபோர்ட் பாக்னல் என்ற சிற்றூரில் தன் ஆட்களைக் கொண்டே உடல்களைச் செய்தது. டிபி4-இன் அடிச்சட்டம்கூட டூரிங் சொல்லித்தான் மாறியது. ஆஸ்டனின் பொறியாளர் ஹரால்டு பீச் முதலில் வரைந்திருந்த சட்டம் தங்கள் கட்டுமுறைக்கு ஒத்துவராது, தட்டையான மேடைபோன்ற அடித்தளம் வேண்டும் என்று மிலான்காரர்கள் சொல்லிவிட, அவரும் அப்படியே மாற்றி வரைந்தார்.

கதையின் மறுபக்கம் இதைவிடச் சுவையானது. மசெராட்டியைத் தூக்கிவைத்து அடியில் படுத்துப் பாருங்கள்: பிரேக்குகள் கெர்லிங், பின் அச்சு சாலிஸ்பரி, முன்சக்கரத் தொங்கல் உறுப்புகள் ஆல்ஃபர்டு அண்டு ஆல்டர்; மூன்றும் இங்கிலாந்துச் சரக்கு. பின்னால் வந்த ஜிடிஐ வகையில் எரிபொருளைப் பீய்ச்சும் கருவியும் லூக்காஸ் நிறுவனத்தினுடையது. ஆக, ஆங்கிலக் காருக்கு இத்தாலிய உடல், இத்தாலியக் காருக்கு ஆங்கில எலும்பு. பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தி வீடுகள் இவை. இவற்றில் ஒன்றை அரண்மனையிலும் மற்றொன்றைத் திண்ணையிலும் உட்கார வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

3500 ஜிடி பிறந்த வேளையையும் கட்டுரையாளர் கருதிப் பார்த்திருக்கலாம். 1957-இல் பந்தய ஓட்டுநர் ஃபான்ஜியோ மசெராட்டி 250எஃப் காரில் உலகப் பட்டத்தை வென்றார். அதே ஆண்டின் முடிவில் அந்நிறுவனம் பந்தயத்துறையைவிட்டே விலகியது. கைக்கு வரவேண்டிய பணம் வரவில்லை. நவம்பரில் கராகஸ் நகரில் நடந்த பந்தயத்தில் அதன் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கிப்போயின. 1958-இல் நிறுவனம் நீதிமன்றக் கண்காணிப்பின்கீழ் வந்தது. அந்த நெருக்கடியிலிருந்து அதைக் கரையேற்றியது, 1957 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் ‘வெள்ளைச் சீமாட்டி’ என்ற செல்லப்பெயருடன் நின்ற வெள்ளை நிற மாதிரிக் கார்தான். தலைமைப் பொறியாளர் ஜூலியோ அல்ஃபியேரி பந்தய எஞ்சினையே எடுத்து, சாலைக்கு ஏற்றபடி சாதுவாக்கினார்: வரிசையில் 6 சிலிண்டர்கள், 3,485 சிசி, தலையில் இரண்டு கேம் தண்டுகள், ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள், மூன்று வெபர் கார்புரேட்டர்கள், 220 குதிரைத்திறன். அதுவரை சாலைக் கார்களைச் சிறு எண்ணிக்கையில் மட்டுமே செய்துவந்த நிறுவனம், 1964 வரை இந்த ஒரு வகையில் மட்டும் 2,200-க்கும் மேற்பட்ட கார்களைச் செய்து விற்றது.

டிபி4 வெளிவந்தது 1958 அக்டோபரில். டிராக்டர்களும் பல்சக்கரங்களும் செய்து செல்வம் சேர்த்த டேவிட் பிரவுன், 1947-இல் வாங்கிய நிறுவனம் இது. டிபி என்பது அவருடைய பெயரின் முதலெழுத்துகள்தாம். இதன் எஞ்சினைப் போலந்துக்காரரான டாடெக் மாரெக் வடிவமைத்தார். அதுவும் 6 சிலிண்டர், இரட்டைக் கேம். 92 மில்லிமீட்டர் துளை, 92 மில்லிமீட்டர் ஓட்டம், 3,670 சிசி. நிறுவனம் 240 குதிரைத்திறன் என்று அறிவித்தது. அது கொஞ்சம் கூட்டிச் சொன்ன எண் என்பதால் தொழிலில் இருப்பவர்கள் சற்றுப் புன்னகையுடனேயே சொல்வார்கள்.

மாரெக் அந்த எஞ்சினின் பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் அமரும் உடற்பகுதியை, வார்ப்பிரும்பில் செய்யவே எண்ணியிருந்தார். அப்போது வேலையை ஏற்கக்கூடிய வார்ப்பாலையில் அலுமினியத்துக்குத்தான் இடம் இருந்ததால், பிளாக்கும் அலுமினியமாயிற்று. இதன் பலனை முதல் வாடிக்கையாளர்கள் அனுபவித்தார்கள். சூடேறினால் அலுமினியம் எஃகைவிட அதிகம் விரியும், பிளாக் விரிய விரிய, கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குகளின் இடைவெளி கூடும், எண்ணெய் அழுத்தம் இறங்கும், பேரிங் தீய்ந்துபோகும். கிராமத்துச் சாலைகளில் இது தெரியவில்லை. 1959 நவம்பரில் எம்1 நெடுஞ்சாலை திறக்கப்பட்டு, அதுவும் ஆஸ்டன் தொழிற்சாலைக்கு வெகு அருகிலேயே அமைந்துவிட்டதால், மணிக்கணக்கில் உச்ச வேகத்தில் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டவர்களுக்குத் தெரிந்தது. பின்னர் இடைவெளிகளைத் திருத்தி, எண்ணெய்த் தொட்டியைப் பெரிதாக்கிச் சரிசெய்தார்கள். இன்று முறையாகப் பிரித்துக் கட்டப்பட்ட டிபி4 எஞ்சின் நம்பத்தக்கதே. ஆனால், பொறியியலில் ஆஸ்டன் குறையற்றது என்று எழுதுபவர் இந்த அத்தியாயத்தைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. கியர்பெட்டி விஷயத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. பல்சக்கரம் வெட்டியே பெயர் பெற்ற குடும்பத்தின் சொந்தத் தயாரிப்பான நான்கு கியர் பெட்டி கைக்குக் கனமானது. கடைசியில் டிபி5-இல் ஜெர்மனியின் இசட்எஃப் பெட்டியை வாங்கிப் பொருத்தினார்கள். மசெராட்டியோ தொடக்கத்திலிருந்தே இசட்எஃப்தான்.

இப்படிச் சொல்வதால் நான் மசெராட்டியின் வக்கீல் என்று எண்ணிவிட வேண்டாம். நிலைப்பிடிப்பில் ஆஸ்டன் ஒரு படி மேல். இரண்டிலுமே பின் அச்சு ஒரே தண்டுதான். ஆனால் ஆஸ்டனில் அது சுருள்வில்களின்மேல் அமர்ந்து, வாட் இணைப்பால் பக்கவாட்டில் அசையாமல் பிடிக்கப்பட்டிருக்கிறது. மசெராட்டியில், நம் ஊர் லாரிகளில் இருப்பதைப் போன்ற பட்டைவில்கள். குண்டும் குழியுமான வளைவில் ஆஸ்டன் ஒட்டிக்கொண்டு போகும். மசெராட்டியின் பின்பக்கம் ஒரு சிறு துள்ளல் போட்டுவிட்டு வரும். டிபி4-இல் தொடக்கம் முதலே நான்கு சக்கரங்களுக்கும் வட்டுப் பிரேக்குகள் இருந்தன. மசெராட்டியின் முதல் கார்களில் டிரம் மட்டுமே, முன்சக்கர வட்டுகள் 1959-இல்தான் விருப்பத் தேர்வாக வந்தன. பாதுகாப்பாக வேகம் போக விரும்புகிறவர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். (இரண்டையும்விடச் சிறந்த பின்தொங்கலைச் சுமார் பாதி விலையில் 1961-இல் ஜாகுவார் ஈ-டைப் கொடுத்தது என்பது வேறு கதை.) ஆனால் நாள் முழுவதும் ஓட்டி மாலையில் இறங்கும்போது களைப்புத் தெரியாத கார் எது என்று கேட்டால், மசெராட்டி என்பேன். அடிவேகத்திலேயே நீண்டு இழுக்கும் அந்த எஞ்சினின் சுபாவமும், சற்றே நீளமான சக்கர இடைவெளியும் அதற்குக் காரணங்கள்.

ஜிடிஐ வகையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. எரிபொருள் பீய்ச்சும் முறையை விற்பனைக் காரில் கொண்டுவந்த முதல் இத்தாலிய நிறுவனம் மசெராட்டிதான். 235 குதிரைத்திறன் என்றார்கள். ஆனால் லூக்காஸ் கருவியின் மின்பம்பு வெயில் காலத்தில் சூடாகி மக்கர் செய்யும். அதைச் சரிபார்க்கத் தெரிந்த கைகளும் குறைவு. எனவே உரிமையாளர்கள் பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெபர் கார்புரேட்டர்களை மாட்டிக்கொண்டார்கள். அப்போது எறிந்தார்கள், இப்போது தேடுகிறார்கள். கார்புரேட்டர் மாட்டிய ஜிடிஐ நன்றாகவே ஓடும், ஆனால் கழற்றிய கருவித்தொகுதி ஒரு பெட்டியில் காருடனேயே வருகிறதா என்று கேட்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

இனி, வாங்க நினைப்பவர் எங்கே பார்க்க வேண்டும் என்பது. மதுரையில் பழைய கார் வாங்கப் போகிறவர் சட்டைப்பையில் ஒரு காந்தத்தைப் போட்டுக்கொண்டு போவார். ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறது என்று பொருள். இக்கார்களில் அந்த வித்தை பலிக்காது, ஏனெனில் அலுமினியத்தில் காந்தம் எங்குமே ஒட்டாது. இங்கே விரல்முட்டியும் காதும்தான் கருவி: வெறும் தகடு கணீரென்று ஒலிக்கும், பட்டிக்கு மேல் தட்டினால் ஒலி அடைத்துக்கொள்ளும். உண்மையான ஆபத்து அதற்கும் அடியில் இருக்கிறது. எஃகுக் குழாயும் அலுமினியத் தகடும் தொடும் இடத்தில் ஈரம் புகுந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சிறு மின்கலம்போல வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். இதைத் தடுக்க அன்றைய தொழிலாளர்கள் இடையில் துணிப்பட்டை வைத்தார்கள். ஆண்டுகள் செல்ல அந்தத் துணியே ஈரத்தைப் பிடித்துவைக்கும் பஞ்சாகிவிட்டது.

ஒருமுறை, சாயம் மின்னும் மசெராட்டி ஒன்றின் கதவின்கீழ் மடிப்பை இடுக்கியால் மெல்லப் பிரித்தேன். வெற்றிலைச் சுண்ணாம்பைப் போல வெள்ளைத்தூள் கைநிறையக் கொட்டியது. உள்ளே குழாய் இருக்க வேண்டிய இடத்தில் துருவின் வடிவம் மட்டும் இருந்தது. விரலால் தொட்டதும் அதுவும் உதிர்ந்தது. வெளியே ஒரு கொப்புளம்கூட இல்லை. அந்தக் காரின் உரிமையாளர் வாங்கிய விலைக்கு ஏறக்குறையச் சமமான தொகையை உடல்வேலைக்கே செலவிட நேர்ந்தது. கையால் தட்டிய உடல்கள் என்பதால் ஒரு காரின் மட்கார்டு இன்னொரு காருக்குப் பொருந்தாது. ஒரே காரின் இடப்புறத்துக்கும் வலப்புறத்துக்குமே சில மில்லிமீட்டர் வேறுபாடு இருக்கும். கடையில் வாங்கி மாட்ட முடியாது, அந்தந்தக் காருக்கென்று புதிதாகத் தட்டித்தான் ஆகவேண்டும்.

ஆஸ்டனிலும் இதே நோய் உண்டு; அதோடு எஞ்சினில் ஒரு தனிச் சோதனையும் உண்டு. அலுமினியப் பிளாக்குக்குள் சிலிண்டர் லைனர்கள் என்னும் உட்குழல்கள் தனியாக இறக்கப்பட்டு, கீழே ரப்பர் வளையங்களால் அடைக்கப்பட்டிருக்கும். அந்த அடைப்பு தளர்ந்தால், குளிர்நீர் எண்ணெயில் கலந்துவிடாமல் வெளியே கசியட்டும் என்று பிளாக்கின் பக்கவாட்டில் சிறு துளைகள் விட்டிருக்கிறார்கள். நேர்மையான ஏற்பாடு. எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு டிபி4-இல் அத்துளைகள் ஒட்டுப்பசையால் அடைக்கப்பட்டு, எஞ்சினின் நிறத்திலேயே மேலே வண்ணமும் பூசப்பட்டிருந்தன. விற்ற வணிகர் பெரும் பெயர் உடையவர். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வாங்கியவருக்கு எஞ்சினை முழுமையாகப் பிரித்துக் கட்டும் செலவு வந்தது. ஆகவே ஆஸ்டன் பார்க்கப் போகிறவர் ஒரு கைவிளக்கை எடுத்துக்கொண்டு முதலில் அந்தத் துளைகளைத் தேடட்டும். கறை தெரிந்தால் விலையைப் பேசலாம். துளையே தெரியாவிட்டால் வீட்டுக்குத் திரும்பலாம்.

எண்களைப் பற்றியும் ஒரு சொல். மசெராட்டி 3500 ஜிடியில் எண் ஏஎம்101 என்று தொடங்கும். சட்டகத்திலும் எஞ்சினிலும் ஒரே எண்தான், ஒப்பிடுவது எளிது. ஆஸ்டனில் இரண்டும் வேறு வரிசைகள்: டிபி4 எஞ்சின்கள் 370 என்றும், டிபி5 எஞ்சின்கள் 400 என்றும் தொடங்கும் எண்களைத் தாங்கும். எந்தச் சட்டகத்துடன் எந்த எஞ்சின் தொழிற்சாலையைவிட்டுப் புறப்பட்டது என்பதைத் தயாரிப்புப் பதிவேட்டின் நகலைப் பார்த்தே உறுதிசெய்ய முடியும்.

இவ்வளவுக்குப் பிறகும் விலையில் ஏன் இத்தனை இடைவெளி? நல்ல டிபி5 ஒன்றின் விலைக்கு நல்ல 3500 ஜிடி கூப்பே (மூடிய கூரை) கார்கள் இரண்டை வாங்கிக்கொண்டு, சில்லறையும் மிச்சம் பிடிக்கலாம். எண்ணிக்கைக் குறைவு இதற்கு விளக்கமாகாது. டிபி4 சுமார் 1,100, டிபி5 ஆயிரத்துச் சொச்சம், மசெராட்டி அவற்றைப்போல் இருமடங்கு, அவ்வளவுதான். பெருங்காரணம், ஜேம்ஸ் பாண்ட் டிபி5 ஓட்டும், 1964-இல் வந்த ‘கோல்டுஃபிங்கர்’ திரைப்படம். அடுத்த பாண்ட் படமான ‘தண்டர்பால்’ விளம்பரத்துக்காகக் கருவிகள் பொருத்திச் செய்யப்பட்ட டிபி5 ஒன்று 2019 ஆகஸ்டில் அமெரிக்காவில் 63 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. போதாதென்று, ஆஸ்டன் நிறுவனமே ‘கோல்டுஃபிங்கர்’ காரின் மறுபதிப்பாக 25 கார்களைப் புதிதாகச் செய்து, ஒவ்வொன்றும் வரி நீங்கலாக 27.5 லட்சம் பவுண்டு என விலை வைத்தது. சாலையில் ஓட்ட உரிமம் இல்லாத கார்கள் அவை! அந்த ஒளிவட்டத்தின் வெளிச்சம் டிபி5-இன் அண்ணனான டிபி4 மீதும் விழுகிறது. மசெராட்டிக்கு அப்படியொரு கதாநாயகன் வாய்க்கவில்லை.

நியாயமான காரணம் ஒன்றும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆஸ்டனுக்கு உதிரிபாகம் கிடைக்கும். நியூபோர்ட் பாக்னலில் பழைய இடத்திலேயே நிறுவனத்தின் சீரமைப்புப் பிரிவு இன்றும் இயங்குகிறது. 1935 முதல் உரிமையாளர் சங்கம் இருக்கிறது. தனியார் வல்லுநர்கள் திருகு முதல் முழு எஞ்சின் பிளாக் வரை புதிதாக வார்த்துத் தருகிறார்கள். மசெராட்டிக்குப் பிரேக்கும் பின் அச்சும் ஆங்கிலப் பொருள்கள் என்பதால் அவற்றுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு கதவுக் கைப்பிடிக்கோ, அளவுமானியின் கண்ணாடிக்கோ மாதக்கணக்கில் இத்தாலிக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டியிருக்கும்.

எனவே, ஐந்தாறு ஆண்டுகளில் விற்றுவிடும் எண்ணத்தோடு வாங்குகிறவர் ஆஸ்டனை வாங்கட்டும். வாங்க ஆள் எப்போதும் இருக்கும். தானே ஓட்டி, தன்னிடமே வைத்துக்கொள்ள நினைப்பவர், உடல்வேலை சரியாகச் செய்யப்பட்டதற்கான படச்சான்றுகளுடன் கூடிய, முன்சக்கர வட்டுப் பிரேக்கும் ஐந்து கியரும் உள்ள, 1960-க்குப் பிந்தைய 3500 ஜிடி ஒன்றைத் தேடட்டும். என் கையில் பணமிருந்தால் நான் அதைத்தான் வாங்குவேன், ஆறுதலுக்காக அல்ல.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு வெளியான, மேற்கூரையற்ற சிவப்புக் காரின் படத்துக்குக் கீழே ‘டூரிங் உருவாக்கிய 3500 ஜிடி’ என்று அச்சாகியிருக்கிறது. அது தூரின் நகர வின்யாலே பட்டறை செய்த ஸ்பைடர். மிகெலாட்டி வரைந்தது, சக்கர இடைவெளி கூப்பேயைவிட 10 சென்டிமீட்டர் குறைவு, மொத்தம் 250-க்கும் குறைவாகவே செய்யப்பட்டது, கூப்பேயைவிடப் பன்மடங்கு விலை போவது. அதன் உடல் பெரும்பாலும் எஃகு என்பதால், மேலே நான் அலுமினியத் தோலைப் பற்றி எழுதியது அதற்குப் பொருந்தாது. அதைப் பார்க்கப் போகிறவர் காந்தத்தைத் தாராளமாக எடுத்துச் செல்லலாம். படக்குறிப்பை அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தகடு வேலைத் தொழிலாளி,
மில்டன் கீன்ஸ், இங்கிலாந்து